கிரீட் தீவில் கார் எடுக்கலாமா, பஸ்ஸே போதுமா? - ஒரு த்ரெட்

1) "டாக்டர், கிரீஸ் போறோம். கிரீட் தீவுல வாடகைக் கார் எடுக்கலாமா?"ன்னு ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தீங்க. பதில் சொல்றதுக்கு முன்னாடி அங்க நான் பண்ணின ஒரு தப்பைச் சொல்லிடறேன்.

2) கிரீஸின் மிகப்பெரிய தீவு கிரீட். கிழக்கு மேற்காக சுமார் 260 கிமீ. ரயில் கிடையாது. பஸ், இல்லைன்னா கார். ஹன்யா, ரெத்திம்னோ, ஹெராக்லியோன் என்று பெரிய ஊர்கள் எல்லாம் வடக்குக் கடற்கரைச் சாலையில்தான் வரும். தெற்கே போகணும்னா மலை ஏறி இறங்கணும்.

3) நான், மனைவி, 12 வயது மகள். ஹன்யாவில் கார் எடுத்தோம். சர்வதேச ஓட்டுநர் அனுமதி கையில் இருந்தது. 18 வருஷ அனுபவம். போதாததுக்கு, கேஷுவால்டியில் விபத்துக் கேஸ் பார்த்துப் பார்த்து "நான் ஜாக்கிரதையான ஆளு"ங்கிற நினைப்பு வேற.

4) அங்கே வலது பக்கம் ஓட்டணும். முதல் நாள் ஒரு பிரச்சினையும் இல்லை. பயம் இருந்தது, முன்னாடி பின்னாடி வண்டிகளும் இருந்தன. மெதுவா போறவங்க ஓரக் கோட்டைத் தாண்டி ஒதுங்கி வழிவிடணும்ங்கிற உள்ளூர் வழக்கம்கூட சீக்கிரம் பழகிடுச்சு.

5) ரெண்டாம் நாள், ஒரு மலைக்கிராமத்தில் மதிய சாப்பாடு. வயிறு நிறைஞ்சு வண்டியை எடுத்தேன். சாலை காலி. ஒரு வளைவில் எதிரே பிக்கப் லாரி. "அப்பா, அந்தப் பக்கம்!"னு மகள் கத்தின பிறகுதான் நான் இடது பக்கம் போறதே உறைச்சது. லாரிக்காரர் பிரேக் அடிச்சதால தப்பிச்சோம். நடுவில் நாலடி இருந்தா அதிகம்.

6) ஏன் இப்படி? பல வருஷம் பழகின செயலை மூளை தானியங்கியா செய்யும். அதை அடக்கி வைக்க முழுக் கவனம் வேணும். போக்குவரத்து இருந்தா மத்த வண்டிகளே ஞாபகப்படுத்தும். காலிச் சாலை, களைப்பு, சாப்பிட்ட மயக்கம் மூணும் சேர்ந்தா பழைய பழக்கம் ஜெயிச்சுடும். பாடமா தெரிஞ்ச விஷயம்தான். தெரிஞ்சு என்ன?

7) கை நடுக்கம் நிற்க ஓரமா நிறுத்தினேன். பக்கத்தில் கம்பத்தின் மேல் பொம்மை வீடு அளவுக்கு ஒரு குட்டிச் சர்ச். உள்ளே எண்ணெய் விளக்கு, ஒரு இளைஞனின் போட்டோ. கிரீஸில் இதை 'கந்திலாக்கி' என்பார்கள். விபத்தில் செத்தவங்களுக்காக வைப்பாங்க, பிழைச்சவங்க நன்றியா வைக்கிறதும் உண்டு. "சாவியைக் குடுத்துடலாங்க" என்றாள் மனைவி. நான் வாதாடலை.

8) மிச்ச நாளெல்லாம் கேடெல் பஸ். வடக்கு ஊர்களுக்கு இடையே தாராளமா ஓடுது. சமாரியா பள்ளத்தாக்குக்கு பஸ்தான் சரி. ஒமாலோஸில் ஆரம்பிச்சு 16 கிமீ நடந்து ஆகியா ரூமெலியில் கடலைத் தொடுவீங்க. அங்கே சாலையே கிடையாது. படகு பிடிச்சு வேற ஊர் போய், அங்கிருந்து பஸ். மேலே நிறுத்தின கார் மேலேயேதான் இருக்கும்!

9) குறையும் உண்டு. தெற்குக் கடற்கரைக்கு பஸ் குறைவு. விட்டுட்டா மாட்டிக்குவீங்க. குளிர்காலத்தில் இன்னும் குறையும். அதனால கார் எடுக்கவே கூடாதுன்னு சொல்லலை. எடுத்தா:
• விமானம் இறங்கின அன்னிக்கே ஓட்டாதீங்க.
• ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் பக்கத்தில் இருக்கிறவர் "வலது"ன்னு சத்தமா சொல்லட்டும்.
• பின்சீட்லயும் பெல்ட்.
• சாப்பிட்டதும் கிளம்பாதீங்க. ஒயின் குடிச்சா ஓட்டவே வேண்டாம்.
• அவசர எண் 112.

10) காரைத் திருப்பிக் கொடுக்கப் போன வழியெல்லாம் மகள் ஒரு வார்த்தை பேசலை. கோவம்னு நினைச்சேன். மறுநாள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கேட்டாள்: "அப்பா, இப்ப நான் தூங்கலாமா?"

நேத்து முழுக்க எனக்காக அவள்தான் ரோட்டைப் பார்த்துக்கிட்டு வந்திருக்கா.