பென்ஷனும் ரவா இட்லியும்

உங்கள் வீட்டுக்காரர் ரிடையராகிவிட்டாரா? அப்படியானால் உங்களுக்கு வேலை இரட்டித்திருக்குமே! பத்து மணிக்கு ஆபீஸ் போனவர் இப்போது பத்து மணிக்கு மூன்றாவது காப்பி கேட்பார். அடுப்பங்கரைக்கு ஏது பென்ஷன்?

பெங்களூரில் பெண் வீட்டுக்குப் போயிருந்தபோதுதான் எனக்கு ஒரு வழி புலப்பட்டது. காலையில் லால்பாக் போவோம். ஹைதர் அலி போட்ட தோட்டம். 1889-ல் கட்டிய கண்ணாடி மாளிகையும் இருக்கிறது. பேரன் பெயர்ப் பலகைகளைப் படிக்க, இவர் மரங்களின் பெயர்களை நோட்டில் எழுதிக்கொள்வார். புதுப் பொழுதுபோக்கு! என் நினைவெல்லாம் லால்பாக் சாலையிலுள்ள மாவள்ளி டிபன் ரூமில்தான். 1924-லிருந்து நடக்கிற ஹோட்டல்.

இரண்டாவது உலக யுத்தத்தில் அரிசி கிடைக்காமல் போகவே, அங்கே ரவையில் இட்லி வார்த்துப் பார்த்தார்களாம். முந்திரி பதித்த இட்லி, உருளைக்கிழங்கு சாகு, மேலே விட்டுக்கொள்ள நெய். தட்டுப்பாட்டில் பிறந்த பண்டமென்றால் நம்பமாட்டீர்கள்! அதைவிட ருசி, யாரோ பரிமாற நான் உட்கார்ந்து சாப்பிட்டதில்.

"ரவைதானே? நீ வீட்டிலேயே செய்யலாமே!" என்றார் இவர்.

"பேஷாக! அந்த நோட்டில் பக்குவத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் செய்யுங்கள்" என்றேன். பேரன் கைதட்டினான்.

ஊர் திரும்பியதும் செய்தார். முதல் ஈடு வேகவேயில்லை. ஆனாலும் நான் கூடத்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.