உயரம் கேட்கும் பலகை

ஏப்ரல் 26, சனி. காரைக்குடி

லீவு விட்டதிலிருந்து மகளுக்கு ஒரே பேச்சு, தண்ணீர் விளையாட்டுப் பூங்கா. வகுப்புப் பிள்ளைகள் மதுரைப் பக்கம் போய் வந்து சொன்ன கதை முழுவதும் அவளுக்கு மனப்பாடம். யார் எதில் சறுக்கினார்கள், யார் பயந்து அழுதார்கள், எல்லாம் சொல்கிறாள். அத்தை கேட்டுவிட்டு, "அதெல்லாம் நமக்கு எதுக்குத்தா? வீட்லயே இருந்தா பத்திரமா இருக்கலாம்ல" என்றார்கள்.

வீடு பத்திரம் என்று எனக்கு இப்போது தோன்றுவதில்லை. இவளுக்கு எலும்பு முறிந்ததெல்லாம் பெரும்பாலும் இந்த வீட்டுக்குள்தான். நிலைப்படி தாண்டும்போது, தூக்கத்தில் புரண்டபோது, வளவில் மழை ஈரம் பட்ட ஆத்தங்குடித் தளத்தில் கால் வழுக்கியபோது. திண்ணையிலிருந்து அடுப்படிக்குப் போவதற்குள் எத்தனை படி ஏறி இறங்க வேண்டும் என்பது அவளைத் தூக்கிக்கொண்டு நடக்கிற எனக்குத் தெரியும்.

பிறவியிலேயே வந்தது இது. ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா, சுருக்கமாக ஓ.ஐ. ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புக்கு ஒரு குழந்தைக்கு வரும் என்பார்கள். கான்கிரீட்டுக்குக் கம்பி எப்படியோ, எலும்புக்கு அப்படி கொலாஜன் என்ற புரதம். இவளுக்கு அந்தக் கம்பியிலேயே கோளாறு. பார்க்கிறவர்கள் எல்லாம் கால்சியம் கொடுங்கள், முட்டை கொடுங்கள் என்கிறார்கள். அன்பால்தான் சொல்கிறார்கள். ஆனால் சிமென்ட்டைக் கூட்டினால் கம்பி சரியாகிவிடாது.

ஏப்ரல் 29, செவ்வாய்

வேலூரில் இவளைப் பார்க்கும் எலும்பு மருத்துவரைப் போனில் பிடித்தேன். போகக் கூடாது என்பார் என்று நினைத்திருந்தேன். "தாராளமா போங்க. ஒவ்வொரு விளையாட்டுலயும் மூணு கேளுங்க. குலுக்குமா, திடீர்னு நிக்குமா, உடம்பை முறுக்குமா? மூணுக்கும் இல்லைன்னா உட்காரலாம்" என்றார். தண்ணீரைப் பற்றிக் கேட்டபோது அவருக்கே உற்சாகம் வந்துவிட்டது. தண்ணீர் உடம்பின் எடையைத் தாங்கிக்கொள்வதால் தரையில் நகர்த்த முடியாத கால் அங்கே நகரும். ஆபத்தெல்லாம் கரையில்தான், வழுக்கும் தரையும் ஓடிவரும் கூட்டமும்.

சறுக்கில் மடியில் வைத்துக்கொண்டு இறங்கட்டுமா என்றேன். அதுதான் கூடவே கூடாதாம். குழந்தையின் கால் சறுக்கின் ஓரத்தில் மாட்டினால், பெரியவர் எடையும் சேர்ந்து கீழே இழுக்க, கால் முறுக்கிக்கொள்ளும். எலும்பு உறுதியான பிள்ளைகளுக்கே இப்படி முறிவதுண்டாம். மடிதான் பத்திரம் என்று எந்தத் தாயும் நினைப்பாள்.

1998இல் மான்ட்ரியல் மருத்துவர்கள் பாமிட்ரோனேட் மருந்தை நரம்பில் ஏற்றி, இந்தக் குழந்தைகளின் எலும்பு அடர்த்தி கூடுவதைக் காட்டினார்கள். இவளுக்கு ஏற்றுவதும் அந்த வகை மருந்துதான். கொலாஜனை அது திருத்தாது. எலும்பு கரைவதை மட்டும் மெதுவாக்கும். தொடைக்குள் இருப்பது எலும்பு வளர வளரக் கூடவே நீளும் கம்பி. இத்தனை பேர் இத்தனை வருஷம் பாடுபட்டது இவளைக் கட்டிலில் கிடத்தி வைக்க இல்லை.

மே 1, வியாழன்

பூங்காவுக்குப் போன் செய்தேன். "பாப்பா உயரம் எவ்வளவு மேடம்?" இதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். எந்த ராட்டினம் எப்படி நிற்கும் என்று கேட்டால் பதில் இல்லை. "எலும்புப் பிரச்சினைன்னா எதுலயும் ஏறாதீங்க, போர்டுல போட்டிருக்கு" என்றார்கள்.

மே 5, திங்கள்

போய் வந்தோம். கூட்டம் இருக்காதென்று திங்கட்கிழமையாகப் பார்த்து, வாசல் திறக்கும் நேரத்துக்கே போய்விட்டோம்.

முதல் சிக்கல் உயரப் பலகை. ஓ.ஐ. உள்ள பிள்ளைகள் பலர் குட்டையாகத்தான் இருப்பார்கள். பலகையில் அளந்து பார்த்துவிட்டு இவளைச் சின்னக் குழந்தைகள் பகுதிக்கு அனுப்பினார்கள். அங்கே மூன்று வயதுப் பிள்ளைகள் எல்லாப் பக்கமும் முட்டிக்கொண்டு ஓடுகின்றன. இவளுக்கு அதைவிட ஆபத்தான இடம் அந்தப் பூங்காவிலேயே கிடையாது. "நான் நாலாவது படிக்கிறேன்" என்று சொல்லி அழுதாள்.

ஜெயன்ட் வீல் அருகே வெகுநேரம் நின்று பார்த்தோம். மெதுவாகச் சுற்றியது, மெதுவாக நின்றது. அவள் அப்பாவோடு ஏறினாள். இடுப்புக் கம்பி அவர் தொடையில் முட்டி நின்றுவிட, இவளுக்கு நிறைய இடைவெளி. துண்டைச் சுருட்டி வைத்து அடைத்தோம். மேலே போனதும் அவள் போட்ட சத்தம் எனக்குக் கீழே கேட்டது.

ட்யூபில் மிதந்து போகும் ஓடையில், வேலைக்கு நின்ற தம்பி உதவியாகத்தான் வந்தார். அக்குளுக்கு அடியில் கைகொடுத்துத் தூக்கப் போனார். "தம்பி, தொடாதீங்க!" என்று கத்திவிட்டேன். அப்படித் தூக்கினால் கையும் விலா எலும்பும் தாங்காது. அந்தப் பையன் கோபப்படவில்லை. குனிந்து அவளிடமே கேட்டார், "எப்படித் தூக்கணும், நீயே சொல்லு பாப்பா." ஒரு கை பிட்டத்துக்கு அடியில், ஒரு கை முதுகுக்குப் பின்னால், விரலை விரித்து, இழுக்காமல், மெதுவாக என்று இவள் பாடம் நடத்தினாள். அதன்பின் அன்று முழுவதும் அவரைத் தவிர வேறு யாரையும் தூக்க விடவில்லை.

அலைக் குளத்தைக் கரையிலிருந்தே பார்த்துவிட்டு, வேண்டாம் என்று அவளே சொன்னாள். அலை தள்ளும்போது மற்றவர்கள் தன் மேலே வந்து விழுவார்களாம். நான் சொல்லிக் கொடுக்காத கணக்கு அது.

மே 6, செவ்வாய்

2010 முதல் இந்த நாளை ஓ.ஐ. விழிப்புணர்வு நாளாக உலகமெங்கும் வைத்திருக்கிறார்கள். மஞ்சள் உடுத்துவது வழக்கம். மகள் மஞ்சள் பாவாடை போட்டுக்கொண்டு ஊஞ்சலில் இருக்கிறாள், எலும்பு எல்லாம் முழுசாக.

அமெரிக்காவில் சான் அன்டோனியோ நகரில் கோர்டன் ஹார்ட்மன் என்பவர் மாற்றுத்திறனாளியான தன் மகள் மோர்கனுக்காக யோசித்து 2010இல் ஒரு பூங்காவே கட்டினார். வீல்சேரோடு ஏறும் ஊஞ்சலும் ராட்டினமும் அங்கே உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கு டிக்கெட் கிடையாது. 2017இல் பக்கத்திலேயே திறந்த தண்ணீர்ப் பூங்காவில் காற்றழுத்தத்தில் ஓடும் வீல்சேர் வைத்திருக்கிறார்கள். நனைந்தாலும் பழுதாகாது.

அவ்வளவு நான் கேட்கவில்லை. நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவே பொழுதுபோக்கும் இவர்களுடைய உரிமை என்கிறது. ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்றது. பூங்காவுக்குக் கடிதம் எழுதி முடித்துவிட்டேன். ஒவ்வொரு ராட்டினத்துக்கும் எப்படிக் கிளம்பும், எப்படி நிற்கும், எத்தனை படி ஏற வேண்டும் என்று எழுதி வையுங்கள். ஏற்றி இறக்க அரை நிமிடம் கூடக் கொடுங்கள். தொடுவதற்கு முன் கேட்கச் சொல்லி வேலையாட்களுக்குப் பழக்குங்கள். அந்த ஓடைத் தம்பியைப் பாராட்டித் தனியாக ஒரு பத்தி.

மகள் வாங்கிப் படித்தாள். கடைசியில் தன் கையெழுத்தில் சேர்த்திருக்கிறாள்: "உயரம் கேட்டால் வயசையும் கேளுங்கள். எனக்கு ஒன்பது."