ஒரு கரண்டி எண்ணெய்

பிளக் கழற்றிய ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, "ஏலே, செல்ஃப் அடி" என்றார் அண்ணாச்சி. மருமகன் பட்டனை அழுத்தினான். இன்ஜின் நாலைந்து சுற்று சுற்றியது. விரலிடுக்கில் காற்று வந்தது, ஆனால் பலமில்லை. பிறகு ஒரு கரண்டி இன்ஜின் ஆயிலை அந்த ஓட்டைக்குள் ஊற்றிவிட்டு மறுபடியும் அடிக்கச் சொன்னார். இந்த முறை காற்று அவர் விரலைத் தள்ளிக்கொண்டு 'பஸ்' என்று வெளியே பாய்ந்தது.

"பாத்தியளா தம்பி? வால்வு நல்லாத்தான் இருக்கு. ரிங்கும் போரும்தான் போச்சு."

ஊற்றிய எண்ணெய், தேய்ந்த ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் கொஞ்ச நேரத்துக்கு அடைத்துவிடுகிறது. அதனால்தான் அமுக்கம் கூடியது. கோளாறு வால்வில் இருந்திருந்தால் எத்தனை கரண்டி ஊற்றினாலும் காற்று அந்த வழியாகவே நழுவிப் போயிருக்கும். அமுக்கம் அளக்கும் மீட்டர் ஒன்றும் அவருடைய இரும்புப் பெட்டியில் இருந்தது. பிறகு அதையும் மாட்டி, ஆட்டோவை ஓட்டிவந்தவரிடம் முள் நிற்கும் இடத்தைக் காட்டினார். தனக்கு விரல் போதும், அவருக்குக் கண்ணால் பார்க்க வேண்டுமே என்றார்.

மும்பையின் காட்கோபர் மேற்கில், லால் பகதூர் சாஸ்திரி மார்கிலிருந்து அசல்பா பக்கம் ஏறும் சந்து ஒன்றில் இருக்கிறது இந்தப் பட்டறை. ஒரு தகரக் கூரை, ஒரு மேசை, சுவரில் ஆணியடித்து மாட்டிய பானாக்கள், அவ்வளவுதான். வேலை முழுக்கத் தெருவில் நடக்கிறது. தமிழ்நாட்டில் ஆட்டோ என்பதை இங்கே ரிக்‌ஷா என்றால்தான் புரியும். கறுப்பும் மஞ்சளுமான இந்த வண்டிகள் பாந்த்ராவையும் சயனையும் தாண்டித் தெற்கே தீவு நகருக்குள் போகக்கூடாது. அதனால் புறநகர்தான் அவற்றின் ராஜ்ஜியம். 2014 ஜூனில் வெர்சோவாவிலிருந்து வரும் மெட்ரோ காட்கோபர் ஸ்டேஷனில் வந்து முடிந்த பிறகு, மின்சார ரயில் கூட்டமும் மெட்ரோ கூட்டமும் ஒரே வாசலில் இறங்குகின்றன. வாசலில் நிற்கும் ரிக்‌ஷா ஒவ்வொன்றும் நாள் முழுக்க நின்று நின்று நகர்கிறது. இன்ஜினுக்கு அதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது.

வண்டியை ஓட்டுகிறவர் உத்தரப் பிரதேசத்தின் ஜோன்பூர்க்காரர். அண்ணாச்சியை 'உஸ்தாத்' என்று அழைத்தார். அண்ணாச்சிக்கு ஊர் தூத்துக்குடி பக்கம். இந்தியில் அவருக்குப் பதில் சொல்லிவிட்டு, அதே மூச்சில் மருமகனைத் திருநெல்வேலித் தமிழில் விரட்டினார். பகலில் ஒருவர், இரவில் ஒருவர் என்று இரண்டு பேர் வாடகைக்கு ஓட்டும் வண்டி அது. சொந்தக்காரர் வேறொருவர். "இது ஒரு நாள் நின்னா ரெண்டு வீட்டுல அடுப்பு நிக்கும். அதை நெனச்சுக்கிட்டுதான் பானாவைக் கையில எடுக்கணும்" என்றார் அண்ணாச்சி.

ஹெட்டைக் கழற்றியதும் அவர் நெற்றி சுருங்கியது. கேஸில் ஓடும் வண்டிகளில் வழக்கமாக முதலில் சாவது வால்வு சீட்டுதான். பெட்ரோல் திரவமாக உள்ளே வந்து கொஞ்சம் குளிரவைக்கும். சிஎன்ஜி வறண்ட வாயு, சீட்டு சூட்டில் காய்ந்து தேயும். இந்த வண்டியில் நேர்மாறாக இருந்தது. சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாகக் கீறல்கள், நகத்தில் தட்டுப்படுகிற ஆழத்துக்கு. மருமகன் ஏர் ஃபில்டரைக் கொண்டுவந்து காட்டினான். ஓரத்தில் கிழிந்திருந்தது. நகரம் முழுக்கத் தோண்டிக் கட்டிக்கொண்டிருக்கும் இந்த வருடங்களின் சிமெண்டுத் தூசி, அந்தக் கிழிசல் வழியாக உள்ளே போய் எண்ணெயோடு கலந்து, உப்புத்தாள் மாதிரி சுவரைத் தேய்த்திருக்கிறது. விலை மலிவான ஒரு ஃபில்டரை நேரத்துக்கு மாற்றாததில் ஒரு இன்ஜின் போனது என்பதை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. ஆனால் வாடகை வண்டியில் ஃபில்டரை மாற்ற வேண்டியது ஓட்டுகிறவரா, சொந்தக்காரரா என்பது யாரும் எழுதிவைக்காத ஒப்பந்தம். தேய்மானம் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

தேய்ந்தவுடன் இன்ஜினை மாற்றுவது அண்ணாச்சி வழக்கமில்லை. முதலில் 'ஹாஃப் இன்ஜின்' வேலை: மேல்பாதியை மட்டும் பிரித்து, போர் அடித்து, பெரிய சைஸ் பிஸ்டன் போடுவது. மில்லிமீட்டரில் கால், அரை, முக்கால் என்று சைஸ் ஏறும். ஒவ்வொரு தடவையும் சுவர் மெலியும். இந்தச் சிலிண்டர் முக்காலைத் தொட்டுவிட்டிருந்தது. பிறகு பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டிப் பார்த்தார். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம். மேலும் கீழும் ஆடக் கூடாது. ஆடியது. அப்போதும்கூட கிராங்கைக் குர்லாவுக்கு அனுப்பிப் புது ராடு அழுத்தி வாங்கிவிடலாம் என்ற யோசனை அவருக்கு இருந்தது. கடைசியில் மவுண்டிங் போல்ட் பக்கம் இருந்த அழுக்கை மண்ணெண்ணெயில் கழுவினார். கிராங்க் கேஸில் மயிரிழை போல ஒரு விரிசல். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு மேல செலவு பண்ணச் சொன்னா அது பாவம்" என்றார்.

இன்ஜினைக் கழற்றி மாட்டுவது கைவேலை. இந்த இன்ஜின் முடிந்தது என்று சொல்வதற்கு வேறொன்று வேண்டும். இரண்டு மணி நேரம் அவர் செய்ததெல்லாம், அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமலிருக்க என்ன வழி என்று தேடியதுதான். சீக்கிரம் சொல்லியிருந்தால் அவருக்குத்தான் லாபம், முழு இன்ஜின் வேலைக்குக் கூலி அதிகம்.

மறுநாள் அவரோடு குர்லா போனேன். காட்கோபரிலிருந்து ரயிலில் இரண்டாவது ஸ்டேஷன், நடுவில் வித்யாவிஹார் மட்டும். குர்லாவின் சிஎஸ்டி ரோட்டில் பழைய வண்டிச் சாமான் கடைகள் வரிசையாக நிற்கின்றன. வால்சந்த் ஹீராசந்த் 1944-ல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸின் தொழிற்சாலை இதே குர்லாவில்தான் இருந்தது. மும்பையின் டாக்ஸியாகவே அறியப்பட்ட பிரீமியர் பத்மினி அங்கே உருவானது. நகரின் கடைசிப் பத்மினி டாக்ஸி 2003-ல் பதிவாகி, 20 வருட வயது வரம்பு முடிந்து 2023 அக்டோபரில் சாலையை விட்டது. அந்தத் தொழிற்சாலை இன்று இல்லை. ஆனால் அதையும் முகுந்த் இரும்பாலையையும் சுற்றி வளர்ந்த லேத் கைகள் சின்னச் சின்னக் கடைகளில் இன்னும் இருக்கின்றன.

பிரித்துப் போட்ட வண்டியொன்றின் அதே மாடல் இன்ஜின், பில்லோடு கிடைத்தது. பில் இல்லாமலும் கிடைக்கும். அது அண்ணாச்சிக்கு வேண்டாம். ஆர்சி புக்கில் இருக்கும் இன்ஜின் நம்பரும் கிராங்க் கேஸில் கொத்திய நம்பரும் வேறாக இருந்தால், நாளைக்கு நடு ரோட்டில் மாட்டிக்கொண்டு நிற்பது ஓட்டுகிறவர்தான். இன்ஜினை மாற்றினால் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. காட்கோபர் வண்டிகளுக்கு அது வடாலா ஆர்டிஓ, எம்ஹெச் 03. கொத்திய எழுத்தின் மேல் வெள்ளைத்தாளை வைத்து, பென்சிலைப் படுக்கையாகத் தேய்த்து நம்பரைப் படியெடுத்தார் அவர். சின்ன வயதில் நாணயத்தின் மேல் தாளை வைத்து நாங்கள் தேய்த்தது ஞாபகம் வந்தது.

வாங்கிய இன்ஜினை அப்படியே மாட்டியிருக்கலாம். பலரும் அதைத்தான் செய்கிறார்கள். அண்ணாச்சி அங்கேயே சிலிண்டரைக் கழற்றி லேத்காரரிடம் கொடுத்தார், கால் சைஸ் போர் அடிக்க. லேத்காரர் முதலில் சிலிண்டரைத் தொடவே இல்லை. புதுப் பிஸ்டனை வாங்கி, மைக்ரோமீட்டரில் மூன்று இடத்தில் அளந்தார். புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுக்குப் போர் அடிக்க மாட்டாராம், கையிலிருக்கும் பிஸ்டனுக்குத்தான் அடிப்பாராம். பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே விட வேண்டிய இடம் ஒரு தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. கூடினால் சத்தம் போடும், எண்ணெய் குடிக்கும். குறைந்தால் சூட்டில் விரிந்து இறுகிப் பிடித்துக்கொள்ளும். கடைசியாக ஹோனிங் கல்லை உள்ளே விட்டு மேலும் கீழுமாக ஓட்டியபோது, சுவரில் ஒன்றையொன்று குறுக்காக வெட்டும் மெல்லிய கோடுகள் விழுந்தன. கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தால் எண்ணெய் தங்காது. அந்தக் கோடுகள்தான் எண்ணெயைப் பிடித்துவைக்கும் வாய்க்கால்.

திரும்பும்போது, இப்படி எல்லா இன்ஜினையும் பார்ப்பீர்களா என்று கேட்டேன். உட்கார்ந்து ஓட்டும் புல் வெட்டும் வண்டி ஒன்றுகூட ஒருமுறை வந்தது என்றார். ஏதோ ஒரு மைதானத்திலிருந்து டெம்போவில் ஏற்றி வந்திருக்கிறார்கள். ரிக்‌ஷா மாதிரியே ஒற்றைச் சிலிண்டர், காற்றில் குளிர்வது. ஆனால் கிராங்க் படுக்காமல் செங்குத்தாக நின்று, தண்டு தரையைப் பார்த்துத் தொங்குகிறது. அதன் முனையில்தான் பெல்ட் ஓடும் புல்லி. புல்லிலிருக்கும் ஈரம் வருடக்கணக்கில் ஏறி, புல்லி தண்டோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டுவிட்டது. "சுத்தியலால அடிச்சிருந்தா கிராங்க் கோணியிருக்கும். மண்ணெண்ணெய ஊத்தி ரெண்டு நாள் சும்மா போட்டுட்டேன். மூணாம் நாள் புல்லர் போட்டதும் வந்துட்டு." அதன் இன்ஜினையும் மாற்ற வேண்டியிருந்தது. புதிதை வாங்கும் முன் தண்டின் பருமனையும் நீளத்தையும் நான்கு போல்ட் ஓட்டைகளின் இடைவெளியையும் சைலன்சர் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதையும் ஒரு சிகரெட் அட்டையில் வரைந்து அனுப்பினாராம். குதிரைச் சக்தியை மட்டும் கேட்டு வாங்கியிருந்தால் உட்காரவே உட்காராது என்றார். அவசரமில்லாத வேலை அது, புல் இரண்டு நாள் கூடுதலாக வளர்ந்தால் யாரும் பட்டினி கிடக்கப்போவதில்லை. அந்த நிதானத்தை ரிக்‌ஷா அவருக்குத் தருவதே இல்லை.

பழைய இன்ஜினை இறக்கும் வேலை சாயங்காலம் தொடங்கியது. முதலில் கேஸ் சிலிண்டரின் வால்வை மூடினார்கள்; நிரப்பும்போது 200 பார் வரை அழுத்தம் ஏறும் சிலிண்டர், அதன் பக்கத்தில் விளையாட்டு கூடாது. பேட்டரி ஒயர், கிளட்ச் கேபிள், கியர் கேபிள்கள், சைலன்சர், இரண்டு சக்கரத்துக்கும் போகும் ஷாஃப்ட். கழற்றிய ஒவ்வொரு ஒயரிலும் மருமகன் ஒரு கலர் நூலைக் கட்டினான். வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிக் கட்டை கொடுத்து, இன்ஜினை இறக்கி வெளியே இழுத்தார்கள். கியர்பெட்டியும் சேர்ந்த கனம். தூக்கும்போது அண்ணாச்சியின் இடது கை நடுங்கியதைப் பார்த்தேன். முப்பது வருடமாகக் குனிந்த முதுகு. வண்டிக்குக் குறித்த காலத்துக்கு ஒருமுறை எஃப்சி பார்க்கச் சட்டம் இருக்கிறது. அதை ஓடவைக்கும் உடம்பைப் பார்க்க யாருமில்லை, இன்சூரன்ஸும் இல்லை. அவருடைய அறிவுக்குச் சான்றாக ஒரு தாளும் இல்லை. இந்த நகரம் தினமும் ஏறி உட்காரும் வண்டிகளை நிமிர்த்திவைப்பவருக்கு இது பெரிய அநியாயம் என்றே நினைக்கிறேன்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகளில் சென்சார்கள் நிறைந்துவிட்டன. மருமகன் செல்போனில் வீடியோ பார்த்து அதைக் கற்றுக்கொள்கிறான். பேட்டரி ரிக்‌ஷாவில் பிஸ்டனே கிடையாது. "அதுக்கும் பேரிங் இருக்கும்லா" என்றார் அண்ணாச்சி.

இரவு ஒன்பதரைக்கு இன்ஜின் முதல் தடவை பேசியது. நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜினின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டார். என்னிடமும் கொடுத்தார். எனக்குக் கேட்டது ஒரே இரைச்சல். அவர் அதற்குள் டாப்பெட்டைத் தனியாகப் பிரித்துக் கேட்டிருக்கிறார். "சூடு ஆறட்டும். ஒன்னு கொஞ்சம் டைட்டா இருக்கு." ஆறிய பிறகு ஃபீலர் தகட்டை நுழைத்து மறுபடி செட் செய்தார். ஐந்நூறு கிலோமீட்டருக்கு விரட்டக்கூடாது, அசல்பா ஏற்றத்தில் மூன்று பேரோடு இழுக்கக்கூடாது, பிறகு ஆயிலை மாற்ற வர வேண்டும் என்று வண்டிக்காரரிடம் இரண்டு தரம் சொன்னார். புது ஏர் ஃபில்டருக்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

ஜோன்பூர்க்காரர் ஹேண்டிலைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டு கிளம்பினார். அப்போது குறைந்தபட்சக் கட்டணம் 26 ரூபாய். அந்த ராத்திரியில் எத்தனை 26 சேர்க்க முடியுமோ அத்தனை. அண்ணாச்சி மரத்தூளையும் சோப்புப் பொடியையும் உள்ளங்கையில் கொட்டித் தேய்த்தார். தேய்க்கும் கை பாதியில் நின்றது. தலையைச் சாய்த்துச் சந்தின் முனையைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மூணாவது கியர் போட்டுட்டான்" என்றார். "கொஞ்சம் முந்திட்டான்."

மருமகன் தண்ணீர் ஊற்றினான். சத்தம் நெடுஞ்சாலை இரைச்சலில் கலந்து மறையும்வரை அவர் கையை நீட்டவில்லை.