மாநிறத்தின் எண்

வானவில்லில் பழுப்பு இல்லை. இருட்டறையில் தனியே எரியும் விளக்கு எதுவும் பழுப்பாகத் தெரிவதில்லை. மங்கலான ஆரஞ்சோ மஞ்சளோ தன்னைவிட ஒளிமிகுந்த ஒன்றின் அருகே வந்து அமரும்போதுதான் நம் கண் அதைப் பழுப்பு என்கிறது. அண்டை வீட்டை நம்பி வாழும் நிறம் அது. கிராஸ் ஸ்டிட்ச் போடுகிறவர்கள் இதைப் படிக்காமலே அறிவார்கள். சிவப்பு நூல் வாங்கக் கால்மணி நேரம் போதும்; பழுப்பு நூலுக்கு ஒரு மாலைப் பொழுதே கடையில் போய்விடும்.

நாங்கள் அக்காவும் தங்கையும். அம்மா மறைந்த மறு வருடம் அவளுடைய முகத்தை நூலில் தைப்பதென்று முடிவு செய்தோம். பூக்களும் வாத்துகளும் தைத்துப் பழகிய கைகளுக்கு அது பெரிய ஆசைதான். துணி பற்றிக் குழப்பமில்லை: அங்குலத்துக்குப் பதினான்கு கட்டம் கொண்ட வெள்ளை ஐடா. ஆறு இழை நூலிலிருந்து இரண்டைப் பிரித்தெடுத்துத் தைப்பது வழக்கம். குழப்பமெல்லாம் நிறத்தில்தான் இருந்தது.

1746-இல் மூலூஸ் நகரில் தொடங்கிய டிஎம்சி நிறுவனத்தின் அட்டவணையில் 433 முதல் 437 வரை ஒரு பழுப்புக் குடும்பம் உண்டு. அடர்நிறத்தில் தொடங்கிப் படிப்படியாக வெளுக்கும். அதன் அடுத்த வெளிறிய பிள்ளைகளைத் தேடினால் எண் தாவி 738, 739 என்று போய்விடும். காப்பிக்கொட்டைக் குடும்பம் 801, 898, 938 என்று வேறு திசையில் இருக்கிறது. எண்ணை நம்பி நிறத்தை ஊகிக்க முடியாது. நம்மூர்க் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் ஆங்கர் நூலின் எண்களோ முற்றிலும் வேறு. டிஎம்சியில் 310 என்றால் கறுப்பு. ஆங்கரில் 310 ஒரு பழுப்பு. ஒப்பீட்டு அட்டவணைகள் இருந்தாலும் அவை நெருங்கிய உறவினரைத்தான் காட்டும், அதே ஆளை அல்ல. கடையின் டியூப்லைட்டில் இரட்டைப் பிறவிகளாகத் தெரிந்த இரண்டு நூல்கள் வாசல் வெயிலுக்கு வந்ததும் அந்நியமாகிவிடும். ஆகவே வாசலுக்கு வந்து பார்க்காமல் நாங்கள் பழுப்பு வாங்குவதில்லை.

அம்மாவின் புகைப்படத்தைக் கணினிக்குக் கொடுத்து வடிவம் வாங்கியபோது, முகத்துக்கு அது இளஞ்சிவப்பு கலந்த மணல் நிறங்களை ஒதுக்கியது. அதைக் குறை சொல்வதற்கில்லை. படம் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. முகத்தில் பவுடர், எதிரே விளக்கு. பழைய வண்ணப் படங்களில் சாயங்கள் ஒரே வேகத்தில் மங்குவதுமில்லை. நீலச்சாயல் முந்திக்கொண்டு மங்கினால் படமெங்கும் செம்மை ஏறிவிடும். இன்னொரு பழைய கதையும் உண்டு. வண்ணப் படம் அச்சிடும் கூடங்களில் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் கொடுத்த மாதிரி அட்டைகளுக்கு 'ஷெர்லி அட்டை' என்று பெயர். பல்லாண்டுகள் அவற்றில் இருந்தது வெள்ளைத் தோல் கொண்ட பெண்ணின் படம். அந்த முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பது கணக்கு.

ஆக, படம் சாட்சியில்லை. மிஞ்சியது எங்கள் நினைவு. அக்கா 433 என்றாள், தங்கை 435 என்றாள். இருவரும் அதே மடியில் வளர்ந்தவர்கள்.

வீட்டில் அம்மாவின் நிறத்துக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. பெண் பார்க்க வந்தவர்களுக்குத் தாத்தா எழுதிய கடிதத்தில் 'மாநிறம்' என்று இருந்ததாம். அம்மா அதைச் சொல்லிச் சிரிப்பாள். அவள் அதைவிடக் கறுப்பு. மாமை என்னும் பழஞ்சொல்லுக்கு மாந்தளிரின் நிறம் என்று உரைகாரர்கள் பொருள் சொல்வார்கள். அழகைக் குறிக்க இருந்த சொல்வழியை, அழகில்லை என்று பிறர் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தை மறைக்க நாம் பயன்படுத்துகிறோம். இந்த முறையும் அது நடந்தது. நூல்களைப் பரப்பி வைத்திருந்ததைப் பார்த்த சித்தி, "ரெண்டு ஷேடு குறைச்சுப் போடுங்கடி, லட்சணமா இருக்கும்" என்றாள். அன்பால்தான் சொன்னாள். அந்த அன்பு எங்களுக்குப் புதிதில்லை. நாங்களும் அதற்குக் கடலைமாவு பூசி வளர்ந்தவர்கள்.

எங்கள் சண்டையைத் தீர்த்துவைத்தவர் ஒரு பிரெஞ்சு வேதியியலாளர். பாரிஸின் கோப்லான் திரைச்சீலைக் கூடத்தில் 1824 முதல் சாயப் பிரிவை மேற்பார்த்த மிஷெல் யூஜின் ஷெவ்ரல். நீலத் துணிமடிப்புகளுக்கு நிழலாக நெய்யும் கறுப்பு நூலில் வலுவில்லை என்று அவரிடம் புகார் வந்தது. சாயத்தைச் சோதித்தார், அதில் குறையில்லை. பக்கத்து நிறம்தான் கறுப்பை மாற்றிக் காட்டியது. ஒரு நிறம் தன் அண்டை நிறத்தால் எப்படி மாறித் தெரிகிறது என்பதை 1839-இல் தனி நூலாகவே எழுதினார்.

நாங்களும் முகத்தை விட்டுவிட்டு, துண்டுத் துணியில் அண்டையைத் தைத்தோம். கூந்தலுக்கு 3371, கறுப்பை ஒட்டிய பழுப்பு. அதன் பக்கத்தில் அரக்குக் கரை. அவற்றுக்கு நடுவே 433-ஐ வைத்ததும் அது தெளிந்து இளகியது. வெறும் வெள்ளைத் துணியில் அதே நூல் கரிபோல நின்றிருந்தது. அப்போதுதான் பேச்சில் வெளிவந்தது: அக்காவின் நினைவில் அம்மா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் வெள்ளை வாயில் புடவையில் இருந்தாள், தங்கையின் நினைவிலோ இரவில் அடுப்படியில் கருநீலப் புடவையில். ஒரே கைதான். வெள்ளைக்குப் பக்கத்தில் அது கறுத்தது, கருநீலத்துக்குப் பக்கத்தில் வெளுத்தது.

கடைசியில் ஊசியில் 433-இல் ஓரிழையும் 434-இல் ஓரிழையும் சேர்த்துக் கோத்தோம். கண்ணுக்கு அவை மூன்றாவதொரு பழுப்பாகக் கலந்து தெரிந்தன. மேல்தையல் எல்லாம் ஒரே பக்கம் சாயும்படி பார்த்துக்கொண்டோம். திசை மாறினால் பளபளப்பு மாறி, ஒரே நூல் இரண்டாகத் தெரியும். கன்னத்து மேட்டுக்கு மட்டும் 435. அது தங்கையின் பங்கு. சித்தி கேட்ட இரண்டு ஷேடை எங்கும் குறைக்கவில்லை.

சட்டம் போடுமுன் துணியின் பின்புறம் எண்களை எழுதி வைத்தோம். என்றாவது ஒரு கட்டம் பிரிந்தால், அப்போது வீட்டில் இருப்பவர்கள் சரியான நூலை வாங்க வேண்டுமே. நிறம் என்று போட்டு எண்களை மட்டுமே எழுதினோம்; மாநிறம் என்று எழுதவில்லை.