கப்பற் பட்டியலில் ஒரு பெயர்

கொங்கு நாட்டான் ஒருவன் தன் குடிவழியைக் கூற முற்படின், முதலில் குலதெய்வத்தின் பெயரைச் சொல்வான். பாட்டன் பெயரைப் பின்னரே சொல்வான். குலதெய்வக் கோயில் உள்ள ஊரே குடி தோன்றிய ஊர் என்பது அந்நாட்டார் கொள்கை. நிலமுடையோர்க்கு இதனோடு பட்டயங்களும் காணி உரிமை ஆவணங்களும் துணை நின்றன. அவர்தம் நிலத்தில் ஏர் பிடித்தவரும் களை பறித்தவரும் அவ்வேடுகளில் இடம்பெற்றிலர். மூன்று தலைமுறை கழிந்தால் அவர்களுடைய பெயரும் கழிந்துவிடும்.

அவ்வாறு மறைந்திருக்க வேண்டிய பெயர்களுட் பல கடலுக்கு அப்பால் எழுத்தில் நிலைத்துவிட்டன. சென்னையிலிருந்து புறப்பட்ட 'துரூரோ' என்னும் கப்பல், 1860 நவம்பர் 16-ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் ஐந்தாண்டு உழைப்பதாக ஒப்பந்தம் செய்துகொண்டோர் அதிலிருந்து இறங்கினர். 1911 வரை இங்ஙனம் நேட்டாலுக்குச் சென்றோர் ஏறத்தாழ 1,52,000 பேர். அவர்களுட் பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறியவர்கள்.

கப்பல்தோறும் ஒரு பட்டியல் எழுதப்பட்டது. எண், பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, மாவட்டம், வட்டம், சிற்றூர் ஆகியவற்றைக் குறித்தபின், உடலிலுள்ள மச்சத்தையும் தழும்பையும் எழுத்தர் குறித்துக்கொண்டனர். சந்தையில் காங்கேயம் காளைக்குச் சுழி பார்ப்பது போன்ற செயல்தான் அது. ஆயினும், சொந்த ஊரில் எவரும் எழுதி வையாத ஓர் உழவுக் கூலியின் பெயரை அவன் தந்தை பெயரோடு எழுதி வைத்தது அந்தப் பட்டியலே!

இன்று அவர்களுடைய வழித்தோன்றல்கள் அப்பட்டியல்களில் தம் முன்னோரைத் தேடுகின்றனர். தேடல் எளிதன்று. எழுத்தர் தம் செவிக்கு எட்டியவாறு ஆங்கிலத்தில் எழுதினர்; அவ்வெழுத்திலே லகரமும் ளகரமும் ழகரமும் ஒன்றாயின. திருப்பூர் மாவட்டம் என்று தேடுவோர்க்கும் ஒன்றும் அகப்படாது. அம்மாவட்டம் 2009-இல் அமைந்தது. பல்லடமும் தாராபுரமும் அக்காலத்தில் கோயம்புத்தூர் மாவட்டத்தின் வட்டங்கள்.

பெயர் அகப்பட்டபின் வருவதே பெருந்துன்பம். வணிகம் செய்ய வந்தவர் என்று வீட்டார் பெருமையாகச் சொல்லிவந்த பாட்டனார், ஓர் எண்ணாகப் பட்டியலில் நிற்பார். ஊரில் மனைவியை விட்டு வந்தவர் தோட்டத்தில் வேறொருத்தியை மணந்திருப்பார். குழந்தையின் பெயருக்கு எதிரே, வழியில் இறந்தது என்ற குறிப்பு இருக்கும். சில குடும்பங்கள் இவற்றை மீண்டும் மூடி வைக்கவே விரும்புகின்றன. அவர்களைக் குறை கூறுதல் தகாது.

அவர்கள் ஏன் சென்றனர் என்பதற்கு விடை பட்டியலில் இல்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சம் கோயம்புத்தூர் மாவட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. பசித்தவனுக்குத் திங்கள் 10 ஷில்லிங் கூலி பெருஞ்செல்வமாகத் தோன்றியிருக்கும். ஆண்டுக்கு அது 6 பவுன். 1895-ஆம் ஆண்டுச் சட்டமோ, ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே உரிமையோடு தங்க விரும்பியவரிடம் ஆண்டுதோறும் 3 பவுன் வரி கேட்டது. 1913-இல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து சிறை புகுந்த பின்னரே, 1914-இல் அவ்வரி நீங்கிற்று.

கடலின் இப்புறத்தார் துயரம் எவ்வேட்டிலும் இல்லை. போனவருக்கும் எழுதத் தெரியாது. இருந்தவருக்கும் படிக்கத் தெரியாது. இறந்தாரா, இருக்கின்றாரா என்று அறியாமையால், மகனுக்கு ஈமக்கடன் செய்வதா, வேண்டாவா என்று தாய் மயங்கியிருப்பாள்.

நூறாண்டுக்குப் பின் ஒருவர் கப்பற் பட்டியலின் படியோடு ஊருக்கு வந்தால், நிலத்தில் பங்கு கேட்க வந்தாரோ என்னும் ஐயம் ஊரார்க்கு முதலில் எழுவது இயல்பே. குலதெய்வத்தின் பெயரை அவர் சொல்லிவிட்டாலோ பேச்சு வேறாகிவிடும். எந்தப் பங்காளி வகை என்று முதியவர்கள் விரல் மடக்கி எண்ணத் தொடங்குவர். சொல்ல அறியாதவர் கோயில் வாயிலில் சற்று நின்றுவிட்டுத் திரும்புவார்.

அவர் காணும் ஊரும் பழைய ஊரன்று. பருத்தி விளைந்த காடுகளில் பின்னலாடை ஆலைகள் எழுந்துள்ளன. பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் பலர் அங்கு உழைக்கின்றனர். அவர்தம் பெயரையும் தந்தை பெயரையும் ஊரையும் ஆலைக் கணக்கர் கேட்டு, தம் செவியில் விழுந்தவாறு எழுதிக்கொள்கிறார்.