நுழைவு மறுக்கப்படும்போது

1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள், விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனத்தின் வழியாக இந்தியப் பொதுமக்களுக்கு இணையச் சேவை அறிமுகமானது. அன்று இணையம் வீட்டிற்குள் வந்த வழி தொலைபேசிக் கம்பியே. மனிதக் குரலுக்கென அமைந்த அவ்விணைப்பு, ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியையே கடத்தியது. ஆதலால், கணினியின் தகவலை ஒலியாகவும், ஒலியை மீண்டும் தகவலாகவும் மாற்றுவதற்கு மோடம் என்னும் கருவி தேவைப்பட்டது. மோடம் இயங்கும் வேளையில் அதே கம்பியில் எவரும் பேச இயலாது. இணைப்பு நீள நீளக் கட்டணமும் ஏறும்.

இந்த டயல்-அப் இணைப்பில் நுழைவு என்பது ஒரே செயலன்று; பல படிகளின் தொடர்ச்சி. முதலில் தொலைபேசியில் டயல் ஒலி கேட்க வேண்டும். அடுத்து, எதிர்முனை அழைப்பை ஏற்க வேண்டும். பின்னர் இரு மோடங்களும் தமக்குள் ஒரு வேகத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அதன்பிறகே, வழங்கிக் கணினி பயனரின் பெயரையும் கடவுச்சொல்லையும் சோதிக்கும். எந்தப் படியில் தடை நேர்ந்தாலும் பயனர் காண்பது தோல்வி ஒன்றையே. எனவே, பழகாதவர் கடவுச்சொல்லையே திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்வார்; பழகியவரோ மோடத்தின் ஒலிக்கு முதலில் செவிகொடுப்பார்.

விண்டோஸ் காட்டும் பிழை எண்களும் இதற்குத் துணைநின்றன. டயல் ஒலி இல்லையெனில் 680. எதிர்முனை வேறோர் அழைப்பில் இருந்தால் 676. விடையே வராவிட்டால் 678. இம்மூன்றுக்கும் கடவுச்சொல்லோடு தொடர்பில்லை. அதைச் சோதிக்கும் படியை அழைப்பு இன்னும் எட்டவில்லை. 691 தோன்றினால் மட்டுமே பெயரோ கடவுச்சொல்லோ ஏற்கப்படவில்லை என்பது பொருள். அப்போதும் காரணம் சிறியதாக இருக்கலாம். கேப்ஸ்லாக் விசை அழுத்தப்பட்டிருந்தால் சிறிய எழுத்துகள் பெரியனவாகிவிடும். திரையில் உடுக்குறிகளே தெரிவதால் கண் அப்பிழையைக் காணாது. அருகில் எவருமில்லாதபோது, எழுத்துகள் வெளிப்படையாகத் தெரியும் வேறோரிடத்தில் அச்சொல்லைத் தட்டச்சு செய்து பார்த்து, உடனே அழித்துவிடுவது எளிய சோதனையாகும்.

கடவுச்சொல்லைச் சோதிக்கும் முறைகளும் வேறுபட்டன. பேப் என்னும் முறையில் கடவுச்சொல் உள்ளவாறே கம்பியில் சென்றது. சேப் என்னும் முறையிலோ, வழங்கி ஒவ்வொரு முறையும் புதிய வினா ஒன்றை அனுப்பும்; பயனரின் கணினி அவ்வினாவையும் கடவுச்சொல்லையும் சேர்த்துக் கணக்கிட்ட விடையை மட்டும் திருப்பி அனுப்பும். மறைபொருள் வெளிப்படாமலேயே அதை அறிந்திருப்பது மெய்ப்பிக்கப்படும். ஆயினும், இரு முனைகளும் ஒரே முறைக்கு உடன்படாவிடில், சரியான கடவுச்சொல்லை உடையவரும் வெளியிலேயே நிற்க நேரிடும். மறுக்கப்பட்டவர் அனைவரும் தவறிழைத்தவர் அல்லர் என்பதை இயந்திரமும் இவ்வாறு உணர்த்துகிறது.

இத்தகைய வேளையில் பதற்றத்தால் ஐந்து அமைப்புகளை ஒருசேர மாற்றுபவர், இணைப்பு கிடைத்தாலும் காரணத்தை அறியமாட்டார். மறுநாள் அதே தடை வந்தால் மீண்டும் இருளில் துழாவ வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, விளைவைக் குறித்துக்கொள்பவரே பழுதை அறிகிறார். மோடத்தின் கிறீச்சொலி இன்று பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. எனினும், கம்பியில்லா இணைப்பு மறுக்கப்படும்போதும் முதலில் கேட்க வேண்டிய வினா மாறவில்லை: எந்தப் படிவரை எல்லாம் சரியாக நடந்தது?