பெட்டியைத் தொடாதே!

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

மரக்காணம் என்றதும் நண்பர்கள் உப்பைத்தான் நினைப்பார்கள். என் அப்பாவுக்கும் உப்பளத்தில்தான் வேலை. மழைக்காலம் வந்தால் அதுவும் இல்லை. ஆகவே, ஞாயிறுதோறும் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் என் தாய்மாமன் வைத்திருக்கும் மெக்கானிக் கொட்டகைக்குப் போய்விடுவேன். பஸ் செலவுக்கும் புத்தகச் செலவுக்கும் அதுவே வழி. "ஸ்பேனர் பிடிக்கவா உன்னைக் காலேஜில சேர்த்தேன்?" என்று அப்பா கோபிப்பார். அவர் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் அங்கே கற்றது வீண் என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை.

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் பறக்கும் ஸ்போர்ட்ஸ் கார்களில் சில இன்னும் கையால் கியர் போடும் வகைதான். சென்ற கோடையில் அப்படி ஒன்று வந்து நின்றது. கியர்த் தண்டு குழம்பில் விட்ட கரண்டிபோல் நாலாபுறமும் ஆடியது. எந்தக் கியரும் விழவில்லை. போனில் விசாரித்த இடத்தில், "பெட்டியை இறக்க வேண்டும், வண்டியைக் கட்டி இழுத்து வாருங்கள்" என்றார்களாம்.

மாமாவோ, "பெட்டியத் தொடாத மாப்ள, மொதல்ல வெளியில பாரு" என்றார்.

தண்டிலிருந்து பெட்டிக்குப் போவது கேபிள். அதன் முனையில் விரல்நுனி அளவு பிளாஸ்டிக் புஷ் ஒன்று வெடித்து, கேபிள் கழன்றிருந்தது. மாமா அதைத் திரும்ப மாட்டி, கேபிள் டையால் இறுக்கிக் கட்டினார். "பாண்டி வரைக்கும் தாங்கும் சார். அங்க போயி புது புஷ் போட்டுடுங்க."

இது அவர் அம்பாசிடரில் படித்த பாடம். ஸ்டீயரிங் பக்கத்தில் கியர் இருந்த அந்த வண்டிகளில் இணைப்புகள் தேய்ந்து சிக்கிக்கொள்ளும். டிரைவர் இறங்கி, பானட்டைத் திறந்து, கையால் விடுவித்துவிட்டுப் போவார். அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. மாமாவின் விதி நிற்கவில்லை.

காலையில் இரண்டாம் கியர் முரண்டு பிடிப்பது இன்னொரு தொல்லை. கியரின் வேகத்தைச் சமப்படுத்த, உள்ளே ஒரு பித்தளை வளையம் கூம்பின்மேல் உராய்கிறது. 1928-இல் காடிலாக் கார்களில் வந்த சிங்க்ரோமெஷ் என்னும் ஏற்பாடு இது. எண்ணெய் குளிர்ந்து தடித்திருந்தால் வளையத்துக்குப் பிடிப்புக் கிடைக்காது. அப்போது கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து, மறுபடி மிதித்து இரண்டாவது போட வேண்டும். கால் எடுக்கும் அந்த நொடியில் என்ஜினின் வேகம் இறங்க, பெட்டிக்குள் போகும் தண்டின் வேகமும் கூடவே இறங்குகிறது.

வகுப்பில் உராய்வு பற்றிக் கேட்ட அன்றே ஓடிப்போய் மாமாவுக்கு இதை விளக்கினேன். முப்பது வருடமாக அப்படியே லாரி ஓட்டியவர், "இதுக்கா மூணு வருஷம் படிக்கிற?" என்றார்! ஆனால் அடுத்த ஞாயிறு முழுவதும், வந்தவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, அதையே சொல்லச் சொன்னவரும் அவர்தான்.

ரிவர்ஸ் கரகரத்தால், வண்டி நின்றபின் கிளட்சை மிதித்தபடி முதல் கியரைத் தொட்டுவிட்டு ரிவர்ஸ் போடலாம். சுற்றிக்கொண்டிருக்கும் தண்டு நின்றுவிடும். கிளட்ச் மிதி பஞ்சுபோல் அமுங்கினால் முதலில் ஆயில் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். கசிவு இல்லையேல், ஒருவர் மிதிக்க மற்றவர் நிப்பிளைத் திறந்து காற்றை வெளியேற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அந்த ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. கடலோரத்தில் கேட்க வேண்டுமா?

ஓடும்போதே கியர் தானாகக் கழன்று விழுந்தால் மட்டும் மாமா வெளியிலும் பார்ப்பார், தலையையும் சொறிவார். வெளியில் பழுது ஒன்றும் இல்லையென்றால் பெட்டியைப் பிரித்தே ஆக வேண்டும். அந்த வண்டிகளைத் திண்டிவனத்துக்கு அனுப்பிவிடுவோம்.